பலகை எழுதிய கையும் ஓவியக் கைதான்
உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி பற்றிய கட்டுரையில் ‘பிழைப்புக்காகப் பலகை எழுதப் போனவர்களின் கலை அங்கேயே நின்றுவிட்டது’ என்று வரும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா கும்பகோணத்தில் 30 வருஷம் கடைப் பலகை எழுதியவர். நீலப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார், பலகையில் நேர்கோடு விழும். தூரிகையில் எனாமல் பெயின்ட்டைத் தொட்டு எழுத்தை இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஃப்ளெக்ஸ் வந்து வேலை போன பிறகு அதே கையால் காவிரிப் படித்துறைகளை வரைந்தார். அதில் மூன்று படங்களை எங்கள் பகுதி நூலகத்தில் நடந்த கண்காட்சியில் வைத்தார்கள். படிக்கட்டின் விளிம்புகளில் அவ்வளவு நிதானம், அது பலகை பழக்கிக் கொடுத்த கை. புகழ்பெற்ற ஓவியர் எம்.எஃப். ஹுசேனும் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்தவர்தானே? 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம்தான் கைகொடுத்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கண்காட்சியில் ‘ஓவியக் கல்லூரியில் படிக்காதவர்களுக்குத் தனி அறை ஒதுக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். வேண்டாம் சார், ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். அப்புறம், படத்துக்குக் கீழே பெயரோடு அவர் என்ன வேலை பார்த்தார் என்பதையும் எழுதி வையுங்கள்.