லூரியாவின் போதனை காத்திருக்கச் சொல்லவில்லை

"கபாலாவின்படி உலகை மீட்பவர்கள் மறைந்து வாழும் 36 நீதிமான்கள்தான், மற்றவர்கள் காத்திருந்தால் போதும். ஐசக் லூரியா போதித்தது இதுவே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கபாலா என்பது யூத மறைஞான மரபு; லூரியா அதன் 16ஆம் நூற்றாண்டு ஆசான். வெவ்வேறு காலத்துக் கருத்துகள் இதில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

36 என்ற எண் யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பான பாபிலோனிய தல்மூதில் வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் இறைப் பிரசன்னத்தைத் தரிசிக்கும் நீதிமான்கள் 36 பேருக்குக் குறையமாட்டார்கள் என்கிறார் அதில் வரும் அறிஞர் அபாயே. அவர்கள் மறைந்து வாழ்வதாக அவர் சொல்லவில்லை. அது பிற்காலக் கதைமரபு சேர்த்தது.

லூரியா 1572இல் கலிலேயாவின் சஃபேத் நகரில் காலமானார். அவர் எழுதிவைத்தது மிகக் குறைவு; சீடர் ஹயிம் விட்டலின் எழுத்துகள் வழியாகவே அவர் போதனை பெரிதும் நமக்குக் கிடைத்தது. அதன்படி, படைப்பின்போது இறையொளியைத் தாங்க முடியாமல் அதை ஏந்திய கலங்கள் உடைந்தன. ஒளிப்பொறிகள் சிதறி உலகப் பொருள்களுக்குள் சிக்கிக்கொண்டன. அவற்றை விடுவித்து உயர்த்தும் பணியே 'திக்குன்', அதாவது சீரமைப்பு. அதைச் செய்வது யார்? கட்டளைகளைக் கடைப்பிடித்து, மனம் குவித்து ஜெபிக்கும் ஒவ்வொரு யூதரும்தான். உணவுக்கு முன் சொல்லும் ஆசிமொழிகூட அதில் சேரும். மெசியா என்னும் மீட்பரின் வருகை இந்தச் சீரமைப்பு நிறைவேறியதன் அடையாளம். சும்மா காத்திருந்தால் போதும் என்பது இவ்வளவு பெரிய பொறுப்பை மனிதர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீதிமானைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற வலியுறுத்தல் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தில்தான் ஓங்கியது. லிசென்ஸ்க் ஊரின் எலிமெலேக் (1717–1787) அதில் முக்கியமானவர். அங்கும் நீதிமான் அடியவர்களின் ஜெபத்தை உயர்த்துபவரே. அவர்கள் ஜெபிக்கவே தேவையில்லை என்று யாரும் போதிக்கவில்லை.