உறக்கத்திலும் கட்டியிருக்கக்கூடியதை வாங்குங்கள்

கடந்த மாதம் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இதயத்துடிப்புக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது? ஒருவர் வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடியற்காலையில் என்னோடு நடக்கும் நண்பர். மற்றவர் அரை மரதன் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் என் அக்காவின் மகள். மூன்றாமவர் அவளுடைய தகப்பன், அதாவது சென்ற வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் அத்தான். மூவருக்கும் நான் சொன்ன விடை மூன்று விதம் என்பதால் இந்தப் பதிவு சற்று நீளும்.

மணிக்கட்டில் கட்டும் கருவி இதயத்தை நேரே பார்ப்பதில்லை. அதன் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. குருதி பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் தன்மையுடையது. ஒவ்வொரு துடிப்புக்கும் அவ்விடத்துக் குருதியின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த அலையை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை என்று திரையில் காட்டுகிறது. கை சும்மா இருக்கும்வரை இந்தக் கணக்கு நம்பத்தக்கது. கை வீசத் தொடங்கியதும் பட்டி அசைகிறது, தோல் அசைகிறது, வெளி வெளிச்சமும் உள்ளே புகுகிறது. அப்போது எந்த அசைவு இதயத்துடையது, எந்த அசைவு காலடியுடையது என்பதைக் கருவி ஊகிக்க வேண்டியதாகிறது.

அந்த ஊகம் எப்படிப் பிழைக்கும் என்பதை நான் சுதந்திர சதுக்கத்து நடைபாதையில் கண்டேன். மெதுவான ஓட்டம்தான்; பக்கத்தில் வந்தவரோடு கதைத்துக்கொண்டே ஓட முடிந்தது. ஆனால் கையில் 164 என்று காட்டியது. ஐம்பத்திரண்டு வயதில் 164 என்றால் எனக்குக் கதைக்க மூச்சு இருந்திருக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே இரண்டு விரல்களைக் கழுத்தோரம் வைத்து 15 விநாடிக்கு எண்ணினேன்: 33. நான்கால் பெருக்கினால் 132. நின்றதும் துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சொற்ப நேரத்தில் முப்பது இறங்காது. பிறகுதான் விளங்கியது, 164 என்பது நிமிடத்துக்கு நான் வைத்த காலடிகளின் எண்ணிக்கை. பட்டியை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, ஒரு துளை இறுக்கிக் கட்டியதும் அடுத்த சுற்றில் 136 காட்டியது. கருவியை மாற்றவில்லை, கட்டிய இடத்தை மட்டுமே மாற்றினேன்.

ஆகவே அக்காவின் மகளுக்கு மார்புப் பட்டியைத்தான் சொன்னேன். அது ஒளியை நம்புவதில்லை. இதயம் எழுப்பும் மின் சைகையையே மார்பிலிருந்து வாங்குகிறது. இது புதிய சரக்கும் அல்ல. 1977இல் பின்லாந்தில் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம் 1982இலேயே கம்பியில்லாத இதயத்துடிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. வேகமாக ஓடி, நின்று, மறுபடி வேகமெடுக்கும் பயிற்சியில் மணிக்கட்டுக் கருவி இதயத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். அது உச்சத்தைக் காட்டும்போது நீங்கள் இளைப்பாறத் தொடங்கியிருப்பீர்கள். மார்புப் பட்டியின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. கொழும்பு வெக்கையில் அந்த வேலையையும் ஐந்து நிமிடத்தில் வியர்வை பார்த்துக்கொள்ளும். மார்பில் கட்ட விரும்பாதவர்களுக்கு மேற்கையில் கட்டும் ஒளிப் பட்டியும் கிடைக்கிறது. மணிக்கட்டைவிட அங்கே அசைவு குறைவு.

நடப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலானோர் நடப்பவர்களே என்பதால், இனி அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மணிக்கட்டுக் கருவி மிகச் சரியாக அளக்கும் நேரம் நாம் அசையாமல் கிடக்கும் நேரம், அதாவது உறக்கம். எனினும், நாம் அதை வாங்குவதோ உடற்பயிற்சிக்கு. இந்த முரணைக் கவனித்தால் தெரிவு இலகுவாகிவிடும். இரவில் எடுக்கப்படும் ஓய்வு நிலைத் துடிப்பு, ஒரு நாளுக்கு ஓர் எண்ணாக, மாதக்கணக்கில் சேரும்போதுதான் அதில் செய்தி இருக்கிறது. எனக்கு அது வழமையாக 61, 62 என்ற அளவில் நிற்கும். சென்ற ஆவணியில் ஒரு காலை எழுந்தபோது 71 காட்டியது. உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிற்பகல் நான்கு மணிக்குக் காய்ச்சல் வந்தது. கருவி நோயைக் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. குறைந்த உறக்கம், மதுபானம், மனக்குழப்பம் எதுவும் அந்த எண்ணை ஏற்றக்கூடும். ஆனாலும் நடக்கும்போது திரையில் தோன்றி மறையும் எண்களில் ஒன்றுகூட எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

எனவே நான் பார்ப்பது திரையின் அழகை அல்ல. எடை குறைவா, படுக்கும்போது கையை உறுத்தாதா, மின்னேற்றம் எத்தனை நாள் நிற்கும் என்பவற்றையே பார்க்கிறேன். அப்பிள் வாட்ச் 18 மணித்தியாலம் நிற்கும் என்பதே அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு. ஒவ்வோர் இரவும் மின்னேற்றத்தில் போடுபவருடைய உறக்கத்தை அது எப்படி அறியும்? சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் மெல்லிய பட்டி ஒன்று இரண்டு வாரம் நிற்கும். இலட்சம் ரூபாயைத் தாண்டும் கடிகாரம் தரும் வேறு வசதிகளை நான் மறுக்கவில்லை. இரவில் மேசையில் கிடக்கும் கருவி நாடி பார்ப்பதில்லை என்றே சொல்கிறேன். வியர்வை தேங்கினால் சிலிக்கோன் பட்டியின் கீழ் தோல் சிவந்து அரிக்கும், ஆதலால் துணிப் பட்டி மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள்.

கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளை 60 பேரின் கைகளில் கட்டிச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 வீதத்துக்கும் குறைந்த பிழையோடு அளந்தன. செலவான கலோரியிலோ ஆகத் திறமான கருவிக்கே சராசரியாக 27 வீதப் பிழை, ஆக மோசமானதற்கு 93 வீதம். நடந்து முடித்து 400 கலோரி என்று பார்த்துவிட்டு இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடும் என் நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அத்தானுடைய கதை வேறு. பிள்ளைகள் கனடாவிலிருந்து அனுப்பிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் தினமும் நாற்பது நிமிடம் நடந்தார். “தம்பி, நான் வேர்க்க வேர்க்க நடக்கிறன், இது நான் நடக்கேல்லை எண்டு சொல்லுது” என்று ஒரு நாள் முறையிட்டார். காரணம் கடிகாரத்தில் இல்லை, குளிசையில் இருந்தது. அவர் எடுக்கும் பீட்டா புளொக்கர் இதயத்துடிப்பை ஏறவிடாது. கருவியோ 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத்தைக் கணித்து, அதில் இத்தனை வீதத்தை எட்டினால்தான் உடற்பயிற்சி என்று ஏற்கும். அந்தச் சூத்திரம் குளிசை எடுக்காதவருக்கும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருப்பது சாதாரணம். இதய நோயாளி எந்த அளவுவரை போகலாம் என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அத்தானின் வைத்தியர் எண்ணையே பார்க்க வேண்டாம், நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு போதும் என்றாராம். அத்தான் வாலிபத்தில் தேவாரம் பாடியவர். அவருக்கு அந்த அளவுகோல் உடனே பிடித்துப்போயிற்று.

இனிப் புறக்கோட்டைக்கு வருகிறேன். முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில், குருதி அமுக்கம், சீனி எல்லாம் ஊசியில்லாமல் காட்டும் என்ற வாக்குறுதியோடு ஒரு கடிகாரத்தை, சோதித்துப் பார்க்கும் ஆவலில் நானே வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேசையிலிருந்த கதலிப்பழம் ஒன்றில் அதை இறுக்கிக் கட்டினேன். துடிப்பு 76 என்றது. ஒளியைத் தெறிக்கச் செய்யும் எதையும் துடிப்பென எண்ணி நல்ல கருவிகளும் சில வேளை ஏமாறுவதுண்டு என்பதால் அதை மன்னித்தேன். அடுத்த பொத்தானை அழுத்தியதும் வாழைப்பழத்தின் குருதி அமுக்கம் 118க்கு 78 என்று வந்தது. கடைக்குக் கொண்டுபோனேன், பெட்டி திறந்த பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள்.

மணிக்கட்டில் குருதி அமுக்கம் காட்டும் சாம்சங் கடிகாரங்களைக்கூட, கையில் காற்றடித்து அளக்கும் கருவியோடு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். சீனி விடயம் இன்னும் பாரதூரமானது. தோலைத் துளைக்காமல் குருதிச் சீனியை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் தாம் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. சீனி வருத்தக்காரர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதயத்தின் மின் வரைபடம் எடுக்கும் வசதிக்காக விலை கூடியதை வாங்குவோர், அந்த வசதி நாட்டுக்கு நாடு தனித்தனியே திறக்கப்படுவது என்பதை அறிந்துகொண்டு, இலங்கையில் அது இயங்குமா என்று முதலில் கேளுங்கள். அது துடிப்பின் ஒழுங்கீனத்தைக் காட்டக்கூடும்; மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கருவிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதையும் அவர்கள் விமானம் ஏறுமுன் விசாரித்துவிடுவது நல்லது.

கடையில் நான் இப்போது செய்வது இதுதான். கருவியைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, கழுத்து நாடியை 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கித் திரையோடு ஒப்பிடுகிறேன். பிறகு கடையின் மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கி, மறுபடி எண்ணுகிறேன். நண்பருக்கு வாங்கச் சென்ற அன்று பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரப் பையன் தானும் ஒன்றைக் கட்டிக்கொண்டு என்னோடு படியேறினான். அவனுடையது 118, என்னுடையது 121, நான் எண்ணியது 120. அந்த மெல்லிய பட்டியைத்தான் வாங்கினோம்.