வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான், அதில் எத்தனை குத்து?

போன மாதம் எங்கள் சண்டைக்கலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, பயிற்சி முடிந்து கையில் சுற்றியிருந்த பட்டியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, என்னால வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர முடியும். ஒரு நாளைக்கு எத்தனை குத்து போட்டா கை படியும்? ஐநூறா, ஆயிரமா?" அப்போதைக்குச் சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அப்போது கிடைத்த பதிலை அப்படியே நம்பி ஆறு வருடம் உழைத்திருக்கிறேன், அந்தப் பதில் என்னைப் போல நேரம் குறைவாக உள்ளவனுக்குப் பொருந்தாது என்று தாமதமாகத்தான் புரிந்தது. அதனால் இதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், ஆக மூன்று மணி. வார்ம் அப், கடைசியில் உடம்பைத் தளர்த்துவது, தண்ணீர் இடைவேளை, மாஸ்டர் விளக்குவதைக் கேட்பது, நம் முறை வரும்வரை வரிசையில் நிற்பது எல்லாம் போக, கையும் காலும் உண்மையாக வேலை செய்வது இரண்டு மணி நேரம் இருந்தாலே பெரிய விஷயம். அந்த இரண்டு மணிக்குள்தான் உதை, தடுப்பு, கால் நகர்வு, பிடி, விழுந்து எழுவது, கட்டா எனும் வரிசையான அசைவுத் தொகுப்பு, ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை என்று எல்லாமே அடங்க வேண்டும். இப்போது காற்றில் ஐநூறு குத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சொல்லிப் போடும்போது ஒரு குத்துக்கு இரண்டு நொடி என்றால்கூட ஆயிரம் நொடி, அதாவது பதினாறு நிமிடத்துக்கு மேல். இரண்டு வகுப்பிலும் அதைச் செய்தால் அரை மணி நேரம் போய்விடும். வாரத்தில் உங்களிடம் இருப்பதில் கால்வாசி அது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். கிடைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குத்துக்குக் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் குத்தின் அடிப்படை வடிவம் பிடிபட்ட பிறகு, வகுப்பு நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் காற்றுக்குக் கொடுக்கக் கூடாது. காற்று வீட்டிலும் இருக்கிறது. வீட்டில் கிடைக்காதது, எதிரில் நின்று நகரும், திருப்பி அடிக்கும் இன்னொரு மனிதர். அந்த மனிதர் கிடைக்கும் அரிய நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் என்னால் தாங்கிக்கொள்ள முடியாத வீணடிப்பு.

நான் கராத்தேயில் தொடங்கியவன். ஆறு வருடம் வகுப்பு தவறாமல் காற்றில் குத்தினேன். குத்து அழகாக இருக்கும், உடையின் கை 'டப்' என்று சத்தம் போடும், அடுத்த நிலைக்கு உயர்த்தும் தேர்வான கிரேடிங்கில் அதற்காகவே பாராட்டு கிடைத்தது. அப்புறம் ஒருநாள், குத்துச்சண்டை பழகும் ஒரு நண்பரோடு கிளவுஸ் போட்டு மெதுவாகப் பயிற்சி செய்தபோது, என் குத்துகளில் பெரும்பாலானவை அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றன. அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை, பின்காலில் லேசாகச் சாய்ந்தார், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான தடவை என் கை எங்கே நின்று பழகியதோ அங்கேயே நின்றது. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் பார்த்து, கால் அதற்கேற்ப ஒரு அடி வைத்து, அதற்குப் பிறகு கை போக வேண்டும் என்ற சங்கிலியே எனக்குள் உருவாகவில்லை. அதைவிட மோசம், ஒரு கை முன்னால் போகும்போது இன்னொரு கை தானாக இடுப்புக்கு இறங்கியது. முகத்தின் ஒரு பக்கம் திறந்தே கிடந்தது.

இடுப்புக்குக் கையை இழுக்கும் அந்தப் பழக்கத்தைக் கராத்தேயில் ஹிக்கிதே என்பார்கள். எதிராளியின் கையையோ உடையையோ பிடித்து நம் பக்கம் இழுத்துக்கொண்டே மறு கையால் குத்துவதற்காகத்தான் அது என்று விளக்கும் ஆசிரியர்கள் நிறைய உண்டு. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அப்படியென்றால் பிடித்து இழுக்க ஓர் ஆள் வேண்டுமே! ஆளே இல்லாமல் ஆறு வருடம் வெறும் கையை இழுத்தால் உடம்பு கற்றுக்கொள்வது முகத்தைத் திறந்து வைப்பதை மட்டும்தான்.

இதைச் சொன்னால் பழைய முறையை அவமதிப்பதாகச் சிலருக்குத் தோன்றும். பழைய முறையையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இதோசு அன்கோ 1908-இல் எழுதிய பத்துக் குறிப்புகள் கொண்ட கடிதம், கராத்தேயைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன காலத்தின் முக்கியமான ஆவணம். அதில் அவர் கேட்பது மக்கிவாராவில், அதாவது வைக்கோல் கயிறு சுற்றிய பலகையில், ஒவ்வொரு கையாலும் நூறு இருநூறு தடவை குத்துவதை. ஆயிரம் என்று கேட்கவில்லை. குத்தை வாங்கித் திருப்பித் தள்ளும் பொருளின் மேல் குத்தச் சொல்கிறார். மணிக்கட்டு வளைந்தாலும் தோள் தூக்கினாலும் பலகை உடனே காட்டிக் கொடுத்துவிடும். காற்று எந்தத் தப்பையும் காட்டாது.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. இருநூறைத் தாண்டும்போது தோள் களைத்துவிடும், முழங்கை வெளியே விரியும், இடுப்பு திரும்புவது நின்று கை மட்டும் போய் வரும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் எண்ணூறு குத்தும் தப்பான குத்துக்கான பயிற்சி. மனதில் என்ன நினைத்தோம் என்பது உடம்புக்குத் தெரியாது, செய்ததைத்தான் அது பதிந்து வைத்துக்கொள்கிறது.

குத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நேரத்தை எங்கே போடுவது என்பதும் தெளிவாகிவிடும். 1985-இல் வெளிவந்த ஒரு சோவியத் ஆய்வில் குத்துச்சண்டை வீரர்களைத் தர வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தேர்ந்தவர்களின் குத்தில் காலால் தரையைத் தள்ளுவதன் பங்கு ஏறக்குறைய 38 சதவீதம், கையை நீட்டுவதன் பங்கு 24 சதவீதம், மிச்சம் உடம்பைத் திருப்புவது. கீழ்நிலையில் இருந்தவர்களிடம் கால் 17 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, கைதான் 38. இதை முதலில் படித்தபோது ஆடிப்போனேன். நான் ஆறு வருடம் பழகியது அந்தச் சின்னப் பங்கைத்தான். இப்போது யாராவது "இன்னைக்குக் குத்துப் பயிற்சியே இல்ல, வெறும் ஃபுட்வொர்க்தான்" என்று சலித்துக்கொண்டால், அதுதான் குத்துப் பயிற்சி என்று சொல்லிப் பார்க்கிறேன். யாரும் உடனே நம்புவதில்லை.

சரி, எந்தக் குத்து? இரண்டே இரண்டு. முன்னால் நிற்கும் கையால் நேர்க்குத்து, பின்னால் நிற்கும் கையால் நேர்க்குத்து. குத்துச்சண்டையில் முதலாவது ஜாப், இரண்டாவது கிராஸ். முதல் வருடம் முழுக்க இவை போதும் என்பேன், அதிலும் நேரத்தில் பாதிக்கு மேல் ஜாபுக்கே. எதிராளிக்கும் நமக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பது அது, அவர் நுழைவதைத் தடுப்பது அது, அடுத்து வரும் எதற்கும் வழி திறப்பதும் அதுதான். பக்கவாட்டில் வளைந்து போகும் ஹூக் பிறகு வரட்டும், அதற்கு மணிக்கட்டும் முழங்கையும் ஒரே கோட்டில் நிற்கப் பழகியிருக்க வேண்டும். கீழிருந்து மேலே போகும் அப்பர்கட், சுழன்று புறங்கையால் அடிப்பது எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வாரம் இரண்டு மணி நேரம் உள்ளவர் அவற்றில் கை வைத்தால் ஏழு குத்து அரைகுறையாகத் தெரிந்தவராகத்தான் நிற்பார். அப்படி நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் கடுமையாக உழைக்கக்கூடியவர்கள், அதுதான் வருத்தம்.

வீட்டில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். வகுப்பு இல்லாத ஐந்து நாளும் பத்துப் பத்து நிமிடம். கண்ணாடி முன் நின்று, பாதி வேகத்தில், ஒரு அடி வைத்து ஜாப், கை போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும், மோவாய் தாழ்ந்திருக்க வேண்டும், மறு கை அசையவே கூடாது. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஐம்பது நிமிடம். வகுப்பில் குத்துக்கு நான் ஒதுக்கச் சொல்லும் நாற்பது நிமிடத்தைவிட அதிகம், ஒரு பைசா செலவில்லை. இப்படிப் பிரித்துச் செய்வது மொத்தமாகச் செய்வதைவிட நன்றாகப் படியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று சண்டைக்கலையிலிருந்து வருவதில்லை. 1978-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தார்கள். தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் அதே திறனை எட்டினார்கள். நாட்கள் அதிகம் பிடித்தன, அது உண்மை. இன்னொன்றும் அதில் உண்டு: அந்த ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான் தங்கள் பயிற்சிமுறையில் திருப்தி குறைவாக இருந்தது. தினம் பத்து நிமிடம் செய்யும்போது "இதெல்லாம் ஒரு பயிற்சியா" என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றட்டும், விடாதீர்கள்.

வகுப்பில் கிடைக்கும் நாற்பது நிமிடம் முழுக்க ஆளோடுதான். பேட், அதாவது குத்தை வாங்கக் கையில் மாட்டிக்கொள்ளும் மெத்தை, பிடிக்கும் நண்பர் ஒரே இடத்தில் மரம் போல நிற்காமல் முன்னே பின்னே நகர வேண்டும், பேட் உண்மையான முகத்தின் இடத்தில் இருக்க வேண்டும், என் கை தாழ்ந்தால் அந்த இடைவெளியில் பேடாலேயே லேசாகத் தட்ட வேண்டும். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, பிறகு இடம் மாற்றிக்கொள்வது. பேட் பிடிப்பதை யாரும் ஓய்வு என்று நினைக்காதீர்கள், குத்து கிளம்புவதற்கு முன் தோள் எப்படி அசைகிறது என்று படிக்கக் கற்றுத் தருவது அதுதான். அதன் பிறகு ஜாப் மட்டும் உள்ள ஸ்பாரிங்: முதலில் ஒருவர் குத்த மற்றவர் தடுக்கவும் விலகவும் மட்டும், பிறகு இருவரும். கிளவுஸ், பல் காப்பு கட்டாயம். வேகம் இருக்கலாம், கனம் கூடாது. தலையில் அடி வாங்கி வாங்கித்தான் சண்டை வரும் என்று பேசுபவர்களோடு எனக்குச் சமரசமே கிடையாது. மூளை தழும்பேறி உறுதியாகும் உறுப்பில்லை.

பஞ்சிங் பேக் வாரத்துக்கு இரண்டு ரவுண்டு போதும். அது கைக்கும் மணிக்கட்டுக்கும் உறுதி தரும், தூரம் கற்றுத் தராது. பட்டி சுற்றாமல், கிளவுஸ் இல்லாமல் வெறிகொண்டு அடிக்காதீர்கள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் ஓடும் எலும்பு முறிவதற்கு 'பாக்ஸர் முறிவு' என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு, பெரும்பாலும் கெட்டியான எதையாவது தப்பான கோணத்தில் குத்துவதால் வருவது.

எல்லாக் கலைக்கும் இந்த மூன்றில் ஒரு பங்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக டேக்வாண்டோ விதியில் குத்து உடம்புக் கவசத்தின் மேல் மட்டும்தான், அதற்கு 1 புள்ளி. உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. முகத்தில் குத்தவே கூடாது. போட்டிக்குத் தயாராகும் ஒருவர் அங்கே கால்களுக்கு நேரம் கொடுப்பதுதான் நியாயம். கராத்தேயின் ஒரு பிரிவான கியோகுஷின் போட்டியிலும் கையால் முகத்தில் குத்துவது இல்லை, ஆனால் உடம்பில் வெறும் கையால் முழு பலத்தோடு குத்து விழும், அது வேறு தூரம், வேறு பழக்கம். ஜூடோ, ஜியு ஜிட்சு நண்பர்கள், 1993 நவம்பரில் நடந்த முதல் யுஎஃப்சி எனும் பல கலைகள் மோதும் சண்டைப் போட்டியில் ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி பிடிச்சண்டையால் வென்றதைச் சொல்லி "குத்தே வேண்டாம்" என்பார்கள். குத்து எட்டும் தூரத்தைக் கடந்து உள்ளே போகத் தெரிந்ததால்தான் அவரால் பிடிக்க முடிந்தது. அந்தத் தூரத்தை உணர, நிஜமாகக் குத்தும் ஒருவர் எதிரில் நிற்க வேண்டும்.

கூட்டமாக நின்று ஒரே குரலில் எண்ணிக் குத்துவதில் ஒரு நிறைவு இருக்கிறது, மனம் அடங்குகிறது என்பவர்களை நான் மறுக்கவில்லை. அதை நானும் அனுபவித்தவன், இன்றும் அந்த எண்ணிக்கைச் சத்தம் கேட்டால் முதுகு நிமிரும். வாரம் ஆறு நாள் வரக்கூடியவர்கள் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். வேலை, வீடு, குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று மணி நேரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடிவரும் ஒருவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும்போது மாஸ்டர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தத் தம்பியிடம் அடுத்த வகுப்பிலேயே இதையெல்லாம் சொன்னேன். எண்ண வேண்டாம், நான்கு வாரம் ஜாப் மட்டும், வீட்டில் பத்து நிமிடம், இங்கே வந்தால் என்னோடு பேட் என்று ஏற்பாடு. இரண்டாவது வாரத்தில், "வேற எதுவும் கத்துத் தர மாட்டீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டார், முகம் வாடிப்போயிருந்தது. நேற்று நான்காவது வாரம். ஜாப் ஸ்பாரிங்கில் நான் வழக்கம்போல லேசாகப் பின்னால் சாய்ந்தேன், அந்தச் சாய்வு போதும் என்று நினைத்துக்கொண்டு. அவர் அரை அடி கூடவே வந்தார், கிளவுஸ் என் நெற்றியில் பட்டது, அது திரும்பி அவர் கன்னத்துக்குப் போனதையும் பார்த்தேன். "எண்ணினியா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, உங்க காலைப் பார்த்துட்டு இருந்தேன்" என்றார்.