எங்க ஊர்ப் பேரையாவது ஒழுங்கா அடிங்கய்யா!

வயிறு எரியுது. எழுதாம இருக்க முடியல.

எங்க சித்தி நீலகிரி மலையில இருக்கிற கோத்தகிரியில தேயிலைத்தூளும் வர்க்கி பிஸ்கட்டும் விக்கிறாங்க. கடைக்கு இத்தனை வருஷமா துருப்பிடிச்ச தகரப் பலகைதான். இந்த சீசனுக்காவது பளிச்சுன்னு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு வைக்கலாம்னு 1,800 ரூபாய் கட்டினாங்க. வாசகத்தை நோட்டுத் தாள்ல முத்து முத்தா எழுதியும் குடுத்தாங்க. அதைப் பார்த்து அப்படியே அடிச்சாப் போதும்.

வந்த போர்டுல ஊர்ப் பேரே தப்பு! 'கோ'ங்கிற எழுத்துல ககரத்துக்கு முன்னால நிக்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால போய்த் துணைக்காலோட ஒட்டிக்கிட்டு நிக்குது. அடுத்த வரியில 'தேனீர்'. தேயிலையில போடுற நீர்தானே தேநீர், அதுல தேனுக்கு என்னங்க வேலை? பச்சைத் தேயிலையை எடை போட்டு வித்துப் பிள்ளைங்களைப் படிக்க வைக்கிற ஊர்ல இந்த ஒரு வார்த்தையைக் கூடவா சரியா அடிக்க முடியாது?

கேட்டா, "எங்க சாஃப்ட்வேர்ல தமிழ் அப்படித்தான்கா வரும்"னு சித்திகிட்ட சொல்லியிருக்கான் போர்டு அடிச்சுக் குடுத்த பையன். பொய். இந்திய மொழி எழுத்துகளைக் கோக்கிற வசதி டிசைன் சாஃப்ட்வேர்கள்லயே இருக்கு. செட்டிங்ஸ்ல அதைத் தேர்ந்தெடுத்தா கொம்பு தானா அதோட இடத்துக்கு வந்துடும். அதே போர்டுல இங்கிலீஷ் வரி ஒரு பிசிறில்லாம இருக்கே, அது மட்டும் எப்படி வந்துச்சு? அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாட்ஸ்அப்ல அனுப்புங்கன்னு ரெண்டு தரம் கேட்டோம். அனுப்பவே இல்ல.

எழுத்தை விடுங்க, பின்னாடி போட்ட படம் இருக்கே! உச்சி முழுக்க வெள்ளை வெளேர்னு பனி மூடின மலை. நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கேயே அப்படிப் பனி கொட்டாது. டிசம்பர், ஜனவரியில விடியக்காலைல புல்லு மேல உறைபனி படியும், வெயில் ஏறினதும் கரைஞ்சிடும். அந்த உறைபனியில எத்தனை தேயிலைச் செடி கருகியிருக்கு தெரியுமா? வந்து இறங்குறவங்க சித்திகிட்டயே "அக்கா, இந்தப் படத்துல இருக்கிற ஸ்னோ எந்தப் பக்கம்?"னு கேக்குறாங்க. இல்லைன்னு சொன்னா, ஏமாத்திட்ட மாதிரி சித்தியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறாங்க.

இது ஒரு கடையோட முடியல. லாட்ஜ் விளம்பரத்துல லாவெண்டர் தோட்டத்தைப் போட்டுக் குறிஞ்சிங்கிறான். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குற நீலக்குறிஞ்சி, 2018ல மலையையே மூடிச்சு. அந்தப் படம் ஒண்ணு கூடவா கிடைக்கல? இன்னொருத்தன் வரையாடுன்னு போட்டு, தலையில மானுக்கு இருக்கிற மாதிரி கிளைவிட்ட கொம்பு வரைஞ்சிருக்கான். வரையாட்டுக் கொம்புல கிளையே கிடையாது, பின்னால வளைஞ்சு இருக்கும். தமிழ்நாட்டோட மாநில விலங்குய்யா அது! 'அறைகள் வாடகைக்கு'ன்னு எழுத வேண்டிய இடத்துல 'அரைகள்'. எதோட அரைய வாடகைக்கு விடுறாங்க?

முன்னெல்லாம் போர்டு எழுத வர்ற பெயின்டர் மாமா முதல்ல சாக்பீஸால கோடு போட்டு எழுதுவார். கடைக்காரரைக் கூப்பிட்டு, "வாசிச்சுப் பாருங்க"ன்னு சொல்லுவார். சரின்னு சொன்ன பிறகுதான் பிரஷ் பெயின்ட்டைத் தொடும். அந்த ரெண்டு நிமிஷம் இப்ப யாருக்கும் இல்லாமப் போச்சு.

நேத்து ரோட்டுல போனவங்க நாலு பேர் கார்ல இருந்து இறங்கி, அந்தப் போர்டைப் போட்டோ எடுத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சித்தி உள்ள வர்க்கி பாக்கெட் கட்டிக்கிட்டு இருந்தவங்க, தலையைத் தூக்கவே இல்ல. சாயங்காலம் ஒரு பழைய சேலையை எடுத்துப் போர்டு மேல போட்டு மூடிட்டாங்க.

நாளைக்குக் காலைல அதைக் கழட்டி, அடிச்சுக் குடுத்த கடை வாசல்லயே கொண்டு போய் வைக்கப் போறேன். சித்தி எழுதிக் குடுத்த தாளும் கையில இருக்கு. 'கோ' சரியா வர்ற வரைக்கும் அங்கேருந்து நகர மாட்டேன்.