சும்மா காட்டினால் போதும் சிஸ்டர்

நர்ஸ்: கார்டைக் கொடுங்க அண்ணே.

அப்பா: என்ன கார்டு சிஸ்டர்?

நர்ஸ்: தடுப்பூசி கார்டு. இன்றைக்குப் புதன்கிழமை, ஊசி போடத்தானே பையனைக் கூட்டி வந்தீர்கள்?

அப்பா: ஐயையோ, ஊசியெல்லாம் வேண்டாம். ஊசியைக் காட்டினால் போதும்.

நர்ஸ்: காட்டினால்?

அப்பா: கையில் எடுத்து, இப்படித் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் முறைத்து, "இனிமேல் அடம் பிடிப்பியா?" என்று ஒரு அதட்டல். மிச்சத்தை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

நர்ஸ்: போடாத ஊசி எங்களுக்கு சப்ளை இல்லை அண்ணே. இந்த சிரிஞ்சை ஒருதடவை அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. காட்டிவிட்டு எடுத்து வைக்க இது என்ன ஐயனார் அரிவாளா?

அப்பா: காலியாக இருந்தாலும் பரவாயில்லை சிஸ்டர். உள்ளே மருந்து இருக்கா இல்லையா என்று அவனுக்கு எங்கே தெரியப் போகிறது.

நர்ஸ்: சரி, அப்படி என்ன செய்துவிட்டான்?

அப்பா: கோபம். 5 வயசுக்கு இவ்வளவு கோபம் ஆகாது. நேற்று ராத்திரி தட்டில் தோசையைப் போட்டு, சூடாக இருக்கிறதே என்று நல்லதுக்குத்தான் ரெண்டாகப் பிய்த்து வைத்தேன். முழு தோசைதான் வேண்டும் என்றான். சரி, வேறு சுட்டுத் தருகிறேன் என்றால் அதுவும் கூடாதாம், இதே தோசைதான் முழுசாக வேண்டுமாம். தரையில் விழுந்து உருண்டு, தெருவே எட்டிப் பார்த்துவிட்டது.

நர்ஸ்: ஒட்டிக் கொடுத்தீர்களா?

அப்பா: பிய்த்த தோசையை எப்படி சிஸ்டர் ஒட்டுவது?

நர்ஸ்: அது தெரியாமல்தான் அவனும் அழுதிருக்கிறான். அப்புறம்?

அப்பா: பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். தோசைக் கரண்டியைத் தூக்கி அடித்தேன். அவன் மேல் இல்லை, சுவரில்.

நர்ஸ்: அவன்?

அப்பா: தட்டைத் தூக்கி அடித்தான். அதுவும் சுவரில்தான்.

நர்ஸ்: யார் முதலில்?

அப்பா: …கரண்டிதான் முதலில்.

நர்ஸ்: உங்களுக்கு என்ன வயசு?

அப்பா: 38.

நர்ஸ்: கோபத்தை இழுத்துப் பிடிக்கிற மூளைப்பகுதி முழுசாக வளர 25 வயசு வரைக்கும் ஆகிறதாம். அவனுக்கு இன்னும் 20 வருஷம் பாக்கி. உங்களுக்கு வந்து சேர்ந்து 13 வருஷம் ஆகியிருக்கணுமே, எங்கே வைத்தீர்கள்?

அப்பா: சிஸ்டர், நான் மளிகைக்கடைக்காரன். காலையில் 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால், கடன் சொல்லிவிட்டுப் போகிறவனிடமெல்லாம் சிரித்து சிரித்து, ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்குப் போகிறேன். அங்கேயும் போய் சிரிக்கணுமா?

நர்ஸ்: அந்த 10 மணிக்குத்தான் தோசையா?

அப்பா: ஆமாம், நான் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ்: ராத்திரி 10 மணி, பசி, தூக்கம், அவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்தது பிய்ந்த தோசை. நானாக இருந்தாலும் உருண்டிருப்பேன்.

(காய்ச்சல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தோசை விஷயத்தில் பையன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அவனோ வாசல்படியில் குந்தி, ஓர் எறும்பு பொரியை இழுத்துப்போவதை அப்படியே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இவனா அடம்?)

அப்பா: முன்னாடி இவ்வளவு கஷ்டம் இல்லை சிஸ்டர். பூச்சாண்டி என்றால் வாயைத் திறப்பான். அப்புறம் பூச்சாண்டி எடுபடவில்லை, மூணு கண்ணனைக் கொண்டுவந்தோம். அதுவும் பழகிவிட்டது. பழைய பேப்பர் எடுக்க சாக்கோடு வருவாரே ஒரு தாத்தா, அவரைக் காட்டினோம். அப்புறம் போலீஸ். இப்போது உங்கள் பெயரைச் சொன்னால்தான் கொஞ்சம் அடங்குகிறான்.

நர்ஸ்: பூச்சாண்டிக்குச் சம்பளம் கொடுத்தீர்களா?

அப்பா: என்ன சிஸ்டர்!

நர்ஸ்: பேப்பர் தாத்தாவுக்கு?

அப்பா: எடைக்கு அவர்தான் எங்களுக்குக் காசு கொடுப்பார்.

நர்ஸ்: காசும் கொடுத்து, பிள்ளை பிடிக்கிறவன் என்ற பெயரும் வாங்கிக்கொண்டு போகிறார். எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. அகவிலைப்படி உண்டு, பயணப்படி உண்டு. பூச்சாண்டிப்படி கிடையாது.

அப்பா: ஒருதடவைதானே கேட்கிறேன்.

நர்ஸ்: எல்லாரும் ஒருதடவைதான் கேட்கிறார்கள். ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம் என்று இதே பையனுக்கு நான்தான் தொடையில் போட்டேன். வீல் என்று அழுவான், பால் குடிப்பான், அடுத்த நிமிஷம் என்னைப் பார்த்துச் சிரிப்பான். இப்போது சந்தையில் நான் கத்திரிக்காயை எடுத்து அமுக்கிப் பார்த்தால் நாலு பிள்ளைகள் அம்மா சேலைக்குப் பின்னால் போய் ஒளிகிறார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு சந்தைக்கு வருவதையே விட்டுவிட்டார்.

அப்பா: அவருக்கும் ஊசி பயமா?

நர்ஸ்: சிரிக்காதீங்க அண்ணே. போன திருவிழாவில் ஒரு பெண் குழந்தை கூட்டத்தில் தொலைந்துவிட்டது. மைக்கில் கூப்பிடுகிறார்கள், அந்தம்மா மண்ணில் புரண்டு அழுகிறார்கள். பிள்ளை எங்கே என்றால் பூக்கடைப் பலகைக்கு அடியில். ஏட்டையா குனிந்து "வாம்மா, வாம்மா" என்று கூப்பிடக் கூப்பிட உள்ளே உள்ளே போகிறது. மனுஷன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். வரவே இல்லை, பூக்காரம்மாதான் இழுத்து எடுத்தார்கள். தொலைந்தால் யாரிடம் ஓடணுமோ அவரைப் பார்த்தே ஓடி ஒளியப் பழக்கி வைத்திருக்கிறோம், சோறு ஊட்டுவதற்காக.

அப்பா: …

நர்ஸ்: என்ன?

அப்பா: ஏட்டையாவுக்கும் அந்தப் படி கிடையாதா?

நர்ஸ்: கிடையாது. போய்ப் பையனைக் கூட்டி வாருங்கள், 5 வயசு ஊசி அவனுக்கு நிஜமாகவே போடணும், நோட்டில் பார்த்துவிட்டேன்.

அப்பா: வலிக்கவே வலிக்காதுடா என்று சொல்லிக் கூட்டி வரவா?

நர்ஸ்: வலிக்கும் என்று சொல்லுங்கள். சுருக்கென்று இருக்கும், 10 எண்ணுவதற்குள் போய்விடும், அழணும் என்றால் அழு, அப்பா மடியில்தான் இருப்பாய் என்று சொல்லுங்கள். இன்றைக்கு வலிக்காது என்று ஏமாற்றினால் நாளைக்கு நீங்கள் பாயசம் இனிக்கும் என்றாலும் நம்பமாட்டான். இந்த சோப்பு முட்டை டப்பாவை முதலில் அவனிடம் கொடுங்கள், என் கைக்காசில் வாங்கியது. மெதுவாக நீளமாக ஊதிப் பழகட்டும். ஊதும்போது உடம்பு தளரும், கவனமும் முட்டை மேல் போய்விடும், அந்த நேரம் போட்டுவிடுவேன். அப்புறம் அரை மணி நேரம் இங்கேயே இருங்கள்.

அப்பா: (கொடுத்துவிட்டு வந்து) கோபம் வந்தாலும் இப்படி ஊதச் சொல்லலாமா சிஸ்டர்?

நர்ஸ்: சொல்லலாம். கரண்டி வைத்திருக்கிறவர் முதலில் ஊதணும். அது இருக்கட்டும், விரலில் என்ன துணி?

அப்பா: ஒன்றுமில்லை, எண்ணெய் டின் கிழித்துவிட்டது. முந்தாநாள்.

நர்ஸ்: துருப்பிடித்த டின்னா?

அப்பா: லேசாக. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

நர்ஸ்: ரணஜன்னி வராமல் இருக்கப் போடுகிற டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?

அப்பா: பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில். பின்வாசல் வழியாக ஓடினேன், பிடித்துவிட்டார்கள்.

நர்ஸ்: சட்டைக் கையை மடியுங்கள்.

அப்பா: சிஸ்டர், புதன்கிழமை குழந்தைகளுக்குத்தானே? பெரியவர்கள் எல்லாம்…

நர்ஸ்: மடியுங்கள் அண்ணே.

அப்பா: வலிக்குமா?

நர்ஸ்: வலிக்கும்.

அப்பா: அந்த டப்பாவைக் கொஞ்சம் கொடுங்களேன்.

நர்ஸ்: அது பையன் கையில் இருக்கிறது. அடம் பிடிக்காமல் கேட்டுப் பாருங்கள்.