மொனாஸ்கஸ் சிவப்பும் சிட்ரினினும்

உணவுக்கும் துணிக்கும் நிறமேற்ற நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கும் நிறமி பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அது இயற்கையானது, அதனால் பயமே இல்லை என்று கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. சிவப்பு நிறம் தரும் மொனாஸ்கஸ் பூஞ்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சில வகைகள் நிறத்தோடு சிட்ரினின் என்ற நச்சையும் சேர்த்தே சுரக்கும். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். நச்சு சுரக்காத வகையைத் தேடிப் பிடித்து வளர்ப்பதே பெரிய வேலை.

அப்புறம் சூழல் கணக்கு. வளர்ப்புத் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய நீராவி, உயிரணுவிலிருந்து நிறத்தைப் பிரிக்கக் கரைப்பான்... இதற்கெல்லாம் எரிபொருள் வேண்டாமா? சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வளர்த்தால் செலவு குறையும், சரி. ஆனால் துணியில் ஏற்றிய புரோடிஜியோசின் என்ற பாக்டீரியா சிவப்பு வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுக்கும் நீலமும் சூடு தாங்காது. ஐஸ்கிரீமுக்கு ஓகே, கொதிக்கவைக்கும் பண்டத்துக்கு ஆகாது.