உடைப்பை அடைச்சாப் போதுமா?

எங்கள் தாமிரபரணிப் பக்கம் வெள்ளம் வந்த வழியை அளந்து பாருங்கள் என்று கூட்டத்தில் கேட்டோம். "95 சென்டிமீட்டர் மழைக்கு யார் என்ன செய்ய முடியும்? உடைஞ்ச கரையெல்லாம் அடைச்சாச்சு" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். மனசு ஆறவில்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டியது உண்மைதான். மழையை நிறுத்துங்கள் என்று யார் கேட்டார்கள்? விழுந்த தண்ணீர் எந்த ஓடையில் இறங்கியது, எந்தக் குளத்தை நிரப்பியது, குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் எந்த மறுகாலில் முட்டித் திரும்பியது என்று, ஆறு பிறக்கும் பொதிகையிலிருந்து கடலில் சேரும் புன்னைக்காயல் வரை நடந்து பார்த்தீர்களா? அதைத்தான் கேட்கிறேன்.

அன்று ராத்திரி சித்தப்பா ஊரில் எல்லாரும் ஆற்றைப் பார்த்தே நின்றிருக்கிறார்கள். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர்தான், "ஏய்யா, தண்ணி ஆத்துல இருந்து வரல, குளத்துல இருந்துல்லா வருது! பிள்ளைகளத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். மேலக்குளம் உடைந்து கீழக்குளத்தில் விழ, அதுவும் தாங்காமல் ஊருக்குள் வந்துவிட்டது. பிறகு போய்ப் பார்த்தேன். மறுகால் ஓடைக்குக் குறுக்கே ரோடு, அடியில் இரண்டு சிமெண்ட் குழாய். ஒன்றில் உடைமர வேரும் சாக்கும் அமலைச்செடியும் அடைத்துக் கிடந்தன. கரையை அடைத்தவர்கள் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. தண்ணீருக்குப் போக்கிடம் கொடுக்காமல் கரையை மட்டும் உயர்த்தினால் அடுத்த மழைக்கும் உடையத்தானே செய்யும்?

"அணையைத் திறந்ததுதான் காரணம்" என்பவர்களுக்கு: பாபநாசம், மணிமுத்தாறு தண்ணீருக்கும் கணக்குக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அணைகளுக்குக் கீழே சமவெளியில் பெய்த மழைக்கு எந்த ஷட்டர் இருக்கிறது? சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியில் கொண்டுவந்து சேர்த்ததை யார் அளந்தார்கள்?

"அளந்துக்கிட்டே இருந்தா விவசாயி எப்ப நடவு போடுவான்?" சரி, தற்காலிகமாக அடையுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த கையோடு அளந்தால்தான் உண்டு. தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருக்கும், அரித்த இடம் பச்சையாகத் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் கோடு போச்சு. 1992 வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் ஆளுக்கொரு இடத்தைக் கை காட்டுகிறார்கள்.

செலவாகும் என்கிறார்கள். நிவாரணத்துக்கு ஆகவில்லையா?

சென்னையில் 2021இல் தண்ணீர் நின்றதும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லக் குழு போட்டார்கள். நல்ல காரியம், வேண்டியதுதான். அதையே தாமிரபரணிக்கும் கேட்டால் "உங்களுக்கு எதைச் செஞ்சாலும் குறைதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட ஜனங்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? வீட்டுக்குள் வந்த சேற்றை அள்ளிக் கொட்டியவர்களிடம்?

சுவரில் கோடு அழிந்திருந்தாலும், அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னாலாவது சர்வேயரை அனுப்புங்கள். அந்த நீர்பாய்ச்சிப் பெரியவர் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார், ஒவ்வொரு மடையாகக் கூடவே நடந்து காட்டுவார்.